ஒரு கட்டி, இரண்டு உரைகள்: ஆய்வுக்கூட எலியின் நரம்புப் புற்று குறித்து

1

தொல்காப்பியத்தின் ஒரே சூத்திரத்துக்கு இளம்பூரணர் ஒன்று சொல்வார், நச்சினார்க்கினியர் வேறொன்று சொல்வார். சூத்திரம் வாய்திறந்து இதுதான் என் பொருள் என்று சொல்வதில்லை. எந்த உரை நிலைத்தது, எது ஏட்டோடு கிடந்தது என்பது சூத்திரத்தின் வரலாறு அல்ல. உரை சொன்னவர்கள், பாடம் கேட்டவர்கள், அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் இவர்களின் வரலாறு. இலக்கியத்தில் இதை ஒத்துக்கொள்கிற நம் நண்பர்கள் பலரும், இடதுசாரி நண்பர்கள் உட்பட, விஞ்ஞானம் என்று வந்துவிட்டால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அங்கே உரை கிடையாதாம், உண்மை மட்டும்தானாம்.

ஆய்வுக்கூட எலியின் நரம்பு மண்டலத்தில் வளர்ந்த கட்டிகளின் வரலாற்றை நான் இந்தக் கேள்வியோடுதான் வாசிக்கிறேன். அக்கட்டிகளுக்கும் இரண்டு உரைகள் இருந்திருக்கின்றன. ஒன்று, காரணத்தை உடலுக்கு வெளியே தேடுவது: சாயம், கரைப்பான், சாப்பாட்டில் கலக்கும் உப்பு. மற்றது உடலுக்கு உள்ளே தேடுவது: இனம், பரம்பரை, மரபணு. நமக்குப் பழகிய சொற்களிலேயே இவற்றைப் புறவுரை, அகவுரை என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையில் ஒரு பழைய வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது: எலிக்கு வந்தது மனிதனுக்கு வருமா? எலியின் சாட்சியம் எப்போது செல்லுபடியாகிறது, எப்போது 'அட, அது எலிதானே' என்று தள்ளப்படுகிறது? இதற்கு விடை எலியின் உடலில் இல்லை என்பதே நான் சொல்ல வருவது.

2

அகவுரையிலிருந்து தொடங்கலாம். கிளாரன்ஸ் குக் லிட்டில் என்ற அமெரிக்க மரபியலாளர் 1929இல் மெயின் மாநிலத்தின் பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வகத்தை நிறுவினார். உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாகக் கூடவிட்டு, ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்கும் சுண்டெலி வகைகளை வளர்த்து மற்ற ஆய்வுக்கூடங்களுக்கு விற்றார்கள். சில வகைகளில் புற்று அதிகம் வந்தது, சிலவற்றில் அரிதாக வந்தது. ஆகவே புற்று பரம்பரையில் இருக்கிறது என்றார் லிட்டில். இவர் யூஜெனிக்ஸ் இயக்கத்திலும் முன்னணியில் நின்றவர். நல்ல வித்து, கெட்ட வித்து என்று சுண்டெலியைப் பிரித்த கை மனிதரையும் பிரிக்க நீண்டது.

1940இல் அந்த ஆய்வகத்தின் 'ஏ' வகைச் சுண்டெலி ஒன்றில், முதுகுத்தண்டுக்கு அருகில், ஒரு நரம்புக் கட்டி தோன்றியது. அதற்கு சி-1300 என்று பெயர் வைத்தார்கள். ஒரு சுண்டெலியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி நட்டு, பின்னர் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அதன் வழிவந்த செல்களை ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். சுண்டெலி செத்து எத்தனையோ காலமாயிற்று, கட்டி சாகவில்லை. அதன் பிறப்பைப் பதிவு செய்யும் ஏடுகள் அது 'தானாக' வந்தது என்கின்றன. இந்தத் 'தானாக' என்ற சொல்லை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். காரணம் இல்லை என்பதற்கும் காரணம் தெரியவில்லை என்பதற்கும் நடுவிலுள்ள தூரத்தை அது சத்தமில்லாமல் அழித்துவிடுகிறது.

இதே காலத்தில் புறவுரையும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 1915இல் ஜப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரைத் திரும்பத் திரும்பப் பூசிப் புற்றை வரவழைத்துக் காட்டியிருந்தார்கள். 1939இல் செலிக்மன், ஷியர் என்ற இருவர் மீத்தைல்கோலாந்த்ரீன் என்ற வேதிப்பொருளைச் சுண்டெலியின் மூளைக்குள்ளேயே வைத்துக் கிளையோமா என்னும் மூளைக் கட்டியை உண்டாக்கினார்கள். மூளைக் கட்டியும் வெளியிலிருந்து வரலாம் என்று ஆயிற்று. ஆனால் மண்டையைத் துளைத்து மருந்து வைத்தால் என்னதான் வராது என்ற மறுப்புக்கு அந்தச் சோதனையில் பதில் இல்லை.

1953இல் விண்டர், கிரஹாம் ஆகியோர் சிகரெட்டுத் தாரைச் சுண்டெலியின் முதுகில் பூசிப் புற்று வருவதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்கப் புகையிலைக் கம்பெனிகள் சேர்ந்து பத்திரிகைகளில் ஒரு முழுப்பக்க அறிக்கை விட்டன. சுண்டெலிச் சோதனையை வைத்து மனிதரைப் பற்றி முடிவு கட்ட முடியாது என்பது அதன் சாரம். அந்தக் கம்பெனிகள் அமைத்த ஆராய்ச்சிக் குழுவுக்கு அறிவியல் இயக்குநராக வந்தவர் யார்? அதே கிளாரன்ஸ் குக் லிட்டில். வாழ்நாள் முழுக்கச் சுண்டெலியை மனிதனுக்குப் பதிலி என்று சொல்லி வளர்த்து விற்றவரை, சுண்டெலி வேறு மனிதன் வேறு என்று சொன்ன கூட்டம் தலைமேல் வைத்துக்கொண்டது. இதில் முரண்பாடு இல்லை. பரம்பரை பேசும்போது சுண்டெலி மனிதன், தார் பேசும்போது சுண்டெலி சுண்டெலி.

3

அப்படியானால் அகவுரை முதலாளியினுடையது, புறவுரை மக்களுடையது என்று கோடு கிழித்துவிடலாமா? வரலாறு அவ்வளவு சுலபமாக நம் பக்கம் வந்து நிற்பதில்லை.

நரம்புக் கட்டிக்குப் புறவுரையை முழுமையாக எழுதியவர் ஹெர்மன் ட்ரக்ரே (1904–1994) என்ற ஜெர்மானிய மருந்தியலாளர். இவர் நாஜிக் கட்சி உறுப்பினர், எஸ்.ஏ. படையிலும் இருந்தவர். 1930களில் ஜப்பானில் கினோசிட்டா, வெண்ணெய்க்கும் மார்கரினுக்கும் நிறமேற்றப் பயன்பட்ட 'வெண்ணெய் மஞ்சள்' என்ற சாயம் எலிகளுக்கு ஈரல் புற்றைத் தருகிறது என்று கண்டார். அதைப் பிடித்துக்கொண்டு உணவிலிருந்து இந்தச் சாயங்களை விரட்டவேண்டும் என்று வாதாடியவர்களில் ட்ரக்ரே முக்கியமானவர். நாஜி அரசு புகையிலைக்கும் கல்நாருக்கும் உணவுச் சாயத்துக்கும் எதிராக எடுத்த நடவடிக்கைகளை ராபர்ட் பிராக்டர் 1999இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஜெர்மானிய இனத்தின் உடல் மாசுபடக்கூடாது. ஆகவே வெண்ணெயில் விஷம் கூடாது. அந்த உடலுக்குள் சேர்க்கப்படாதவர்களுக்கு வேறு ஏற்பாடு செய்யப்பட்டது. சுற்றுச்சூழல் அக்கறை தானே முற்போக்காகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும்.

போருக்குப்பின் ட்ரக்ரே ஹாம்மெல்பர்க் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே அவரோடு இருந்தவர் கார்ல் குப்ஃப்முல்லர், மின்பொறியாளர், எஸ்.எஸ். படைக்காரர். இருவரும் சேர்ந்து புற்று எப்படி உண்டாகிறது என்பதற்கு ஒரு கணிதம் போட்டு 1948இல் வெளியிட்டார்கள். அது சொன்னது இது: புற்றுதரும் வேதிப்பொருள் உடலைவிட்டுப் போனாலும் அது செய்த கேடு போவதில்லை, ஒவ்வொரு துளியின் கேடும் முந்தையதோடு கூடிக்கொண்டே போகிறது. இதன்படி 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது. நாஜிகள் இருவர் சிறை முகாமில் எழுதிய இந்தக் கணக்கு, பின்னாளில் தொழிற்சாலை விஷத்துக்கு எதிராகப் போராடிய எல்லோருக்கும் பயன்பட்ட வாதத்தின் மூலங்களில் ஒன்றாயிற்று. சொன்னவனைப் பார்த்து உரையைத் தள்ளவும் முடியவில்லை, உரையைப் பார்த்துச் சொன்னவனை மன்னிக்கவும் முடியவில்லை.

4

1950களில் இங்கிலாந்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் டைமீத்தைல்நைட்ரோசமீன் என்ற கரைப்பானைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு ஈரல் கெட்டுப்போனது. அதை விசாரித்த பார்ன்ஸும் மகீயும் எலிகளுக்கு அப்பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1956இல் ஈரல் புற்று வருவதை மகீயும் பார்ன்ஸும் வெளியிட்டார்கள். எலி இந்தக் கதைக்குள் வந்தது தொழிலாளியின் உடலுக்குப் பின்னால்தான். விஞ்ஞான வரலாறுகள் இந்த வரிசையை அடிக்கடி தலைகீழாக்கிவிடுகின்றன.

இந்த நூலைப் பிடித்துக்கொண்டு ட்ரக்ரே, பிராய்ஸ்மன், இவான்கோவிச் ஆகியோர் 65 நைட்ரோசோ சேர்மங்களை எலிகளில் சோதித்து 1967இல் முடிவுகளைத் தொகுத்தார்கள். அவர்களின் ஃப்ரைபர்க் குழுவின் பெயரே 'தடுப்பு மருத்துவ ஆய்வுக்குழு'. சோதனைக்கு எடுத்தவை ட்ரக்ரே தாமே வளர்த்த 'பிடி' வகை எலிகள். ஒவ்வொரு சேர்மமும் தனக்கென ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுத்துத் தாக்கியது: ஒன்று உணவுக்குழாயை, ஒன்று சிறுநீர்ப்பையை. மீத்தைல்நைட்ரோசோயூரியா மூளையையும் தண்டுவடத்தையும் தாக்குவதை 1965இல் கண்டார்கள். இம்முறை மண்டையைத் துளைக்கவில்லை. ரத்தத்தில் ஏற்றிய மருந்து தானே மூளையைத் தேடிப்போனது. பழைய மறுப்பு இத்துடன் முடிந்தது.

1966இல் வெளிவந்தது அடுத்த சோதனை. எலியின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 22 நாள். சினை எலிக்கு 15ஆம் நாளில் எத்தில்நைட்ரோசோயூரியாவை ஒரே ஒருமுறை செலுத்தினார்கள். அந்த மருந்து உடலுக்குள் சில நிமிடங்களில் சிதைந்துபோகிற மருந்து. தாய்க்கு மூளைக் கட்டி வரவில்லை. குட்டிகள் பார்வைக்குக் குறையில்லாமல் பிறந்தன, பால் குடித்தன, வளர்ந்தன. மாதங்கள் கழித்து அவற்றில் ஏறத்தாழ எல்லாமே நரம்பு மண்டலக் கட்டிகளால் செத்தன: மூளையில், தண்டுவடத்தில், முகத்துக்குப் போகும் நரம்பில், கைகால் நரம்புகளில். வளர்ந்த எலியைவிடக் கருவிலுள்ள எலியின் நரம்பு மண்டலம் சுமார் 50 மடங்கு எளிதில் பாதிக்கப்படுகிறது என்று கணக்கிட்டார்கள். ஏன் நரம்பு மட்டும்? மருந்து எல்லா உறுப்பின் டிஎன்ஏவிலும்தான் ஒட்டுகிறது. ஈரல் அதைச் சீக்கிரம் வெட்டியெறிந்துவிடுகிறது, மூளையால் முடிவதில்லை என்று 1974இல் கோத், ரயேவ்ஸ்கி காட்டினார்கள்.

நான் இதைச் சோதனையாக மட்டும் வாசிக்கவில்லை. காரணம் வந்துபோன சுவடே இல்லாமல் வந்துபோகலாம். விளைவு அடுத்த தலைமுறையின் நடுவயதில் வெளிப்படலாம். கட்டி வந்த நாளில் ரத்தத்தைச் சோதித்தால் எதுவும் கிடைக்காது. பதிவேட்டை வைத்திருந்தவர் ட்ரக்ரேயாக இல்லாமல் வேறு யாராகவும் இருந்திருந்தால், அந்தக் குட்டிகளின் கட்டிக்கு நேராக என்ன எழுதியிருப்பார்கள்? 'தானாக.'

5

இந்தப் புறவுரை என்ன ஆயிற்று? 1970இல் இவான்கோவிச்சும் பிராய்ஸ்மனும் சினை எலிகளுக்கு எத்தில்யூரியாவையும் நைட்ரைட்டையும் வாய்வழி தனித்தனிப் பொருளாகவே கொடுத்தார்கள். இரண்டும் இரைப்பைக்குள் சேர்ந்து அதே நைட்ரோசோ சேர்மமாகி, அதே கட்டிகளைக் குட்டிகளில் உண்டாக்கின. நைட்ரைட், பதப்படுத்திய பன்றிக்கறியில் சேர்க்கும் உப்பு. வைட்டமின் சி இந்தச் சேர்க்கையைத் தடுக்கிறது என்பதும் தெரியவந்தது. 1978இல் அமெரிக்க அரசு பேக்கனில் நைட்ரைட்டின் அளவைக் குறைத்து, வைட்டமின் சி வகைப் பொருளையும் சேர்க்கச் சொன்னது. எலி சொன்னதைப் பாதி கேட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கர்ப்பத்தில் தாய் தின்ற கறிக்கும் பிள்ளையின் மூளைக் கட்டிக்கும் தொடர்பு தேடிய ஆய்வுகள் 1980களிலிருந்து நடந்தன. அவற்றின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

செயற்கை இனிப்பான அஸ்பார்டேம் விவகாரத்தில் வழக்கு வேறு விதமாய் நடந்தது. செர்ல் கம்பெனி அதற்கு 1974இல் அனுமதி பெற்றது. ஆட்சேபங்களும், கம்பெனியின் சோதனைப் பதிவேடுகள் மீதான சந்தேகமும் எழுந்ததால் 1975இல் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. கம்பெனியின் சொந்த எலிச் சோதனையில் தென்பட்ட மூளைக் கட்டிகளை ஜான் ஆல்னி என்ற மருத்துவர் சுட்டிக்காட்டினார். அந்த வகை எலிகளுக்கு மூளைக் கட்டி 'தானாக' எத்தனை பேருக்கு வரும் என்பதே சண்டையின் மையமாயிற்று. அந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டினால் இனிப்பு நிரபராதி, குறைத்தால் குற்றவாளி. 1980இல் மூன்று விஞ்ஞானிகள் கொண்ட பொது விசாரணைக் குழு, மூளைக் கட்டிக் கேள்வி தீரும்வரை அனுமதிக்க வேண்டாம் என்றது. 1981இல் ரீகன் ஆட்சியில் நியமிக்கப்பட்ட புதிய ஆணையர் ஹேஸ் அதைத் தள்ளிவிட்டு அனுமதித்தார். ஜப்பானில் நடந்த, கட்டி கூடவில்லை என்று காட்டிய இன்னொரு எலிச் சோதனையும் அவருக்கு ஆதாரமாக இருந்தது. அப்போது செர்லின் தலைவர் டொனால்டு ரம்ஸ்ஃபெல்டு. அஸ்பார்டேம் மனிதருக்கு மூளைக் கட்டி தருகிறது என்று இதுவரை நிறுவப்படவில்லை; நான் அப்படிச் சொல்லவும் இல்லை. நான் கேட்பது, 'தானாக' என்ற எண்ணை நிர்ணயிக்கிற அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை மட்டும்.

6

இனி அதே ட்ரக்ரே எலி அகவுரைக்குள் நுழைந்த கதை. கருவிலேயே எத்தில்நைட்ரோசோயூரியா கண்ட 'பிடி 9' வகை எலிகளின் நரம்புக் கட்டிகளிலிருந்து கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் டேவிட் ஷூபெர்ட் 1974இல் செல் வரிசைகளை வளர்த்தெடுத்தார். அவை மாசாசூசெட்ஸில் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கட்டியின் டிஎன்ஏவைச் சாதாரணச் சுண்டெலிச் செல்லுக்குள் செலுத்தியபோது அதுவும் புற்றாக மாறியது; 1981இல் இதை வெளியிட்டார்கள். அந்த டிஎன்ஏ உண்டாக்கும் புரதத்தை 1982இல் அடையாளம் கண்டவர்களில் முதன்மையானவர், பின்னாளில் பம்பாய் டாடா ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய எல்.சி. பாதி. 1984இல் மரபணுவுக்கு 'நியூ' என்று பெயர் வைத்தார்கள், நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டியின் பெயரிலிருந்து. இந்த மாற்றம் நரம்பை உறைபோல் சுற்றியிருக்கும் ஷ்வான் செல் கட்டிகளுக்கே உரியது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

1986இல் கோர்னீலியா பார்க்மன் முதலானோர் அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். அந்த ஓரெழுத்துப் பிழை ட்ரக்ரேயின் ஊசி போட்ட கையெழுத்துதான். புறத்திலிருந்து வந்த மருந்து அகத்தில் எழுதிய எழுத்து. இரண்டு உரையும் சந்திக்கும் இடம் இது. இங்கேயே இரண்டையும் சேர்த்து வாசித்திருக்கலாம். ஆனால் இந்த ஆய்வேடுகளில் எத்தில்நைட்ரோசோயூரியா கட்டி செய்யும் கருவியாக மட்டுமே நிற்கிறது. கேள்வி 'எது மாற்றியது' என்பதிலிருந்து 'எது மாறியது' என்பதற்கு நகர்ந்துவிட்டது.

இதே மரபணு மனிதரிலும் இருப்பதை 1985இல் ஜெனன்டெக் கம்பெனியில் ஆக்ஸல் உல்ரிக்கின் குழு கண்டு ஹெர்-2 என்றது. 1987இல் டென்னிஸ் ஸ்லாமன், மார்பகப் புற்று வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு இந்த மரபணுவின் படிகள் பலமடங்காகி இருப்பதையும், அவர்களுக்கு நோய் சீக்கிரம் முற்றுவதையும் காட்டினார். அப்புரதத்தைத் தடுக்கும் ட்ராஸ்டுஸுமாப் என்ற மருந்து 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதனால் உயிரோடிருக்கும் பெண்கள் ஏராளம். இதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல.

ஆனால் இங்கே எலிக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். எலியில் நரம்புக் கட்டி, பெண்ணில் மார்பகக் கட்டி. எலியில் ஓர் எழுத்து மாறியது. பெண்ணில் எழுத்து மாறவில்லை, படிகள் பெருகின. 'எலி வேறு மனுசன் வேறு' என்று கோப்பை மூட இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. யாரும் மூடவில்லை. வித்தியாசம் மேற்கொண்டு ஆராயவேண்டிய பொருளாயிற்று. புறவுரையில் அதே அளவு வித்தியாசம் விசாரணையை முடிக்கும் காரணமாகிறது. அகவுரை மருந்தானதும் மனிதரிடம் சோதித்துப் பார்க்க முடிந்தது. புறவுரையைக் கர்ப்பிணிகளிடம் சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது. ஆகவே புறவுரை என்றைக்கும் எலியின் சாட்சியத்தை நம்பியே நின்றாகவேண்டும். எலியைச் சாட்சிக்கூண்டிலிருந்து இறக்கிவிட்டால் வழக்கு முடிந்தது. இன்னொன்றும் உண்டு. அகவுரையைக் குப்பியில் அடைத்து விற்கலாம். தடையைக் குப்பியில் அடைத்து விற்க முடியாது.

7

அந்தக் குப்பி இந்தியாவுக்கும் வந்தது, லட்ச ரூபாய்க்கு மேல். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஓராண்டு செலுத்தவேண்டிய மருந்து. 2012இல் பெண்கள் இயக்கத்தினரும் நோயாளிகளும் இதை வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டுவர இயக்கம் தொடங்கினார்கள். 2013 ஜனவரியில் கட்டாய உரிமத்துக்கான மருந்துகளில் ஒன்றாக இது பேசப்பட்டது. அவ்வாண்டே ரோஷ் கம்பெனி இந்தியக் காப்புரிமையைக் கைவிட்டது. பெங்களூர் பயோகான் தயாரித்த மாற்று மருந்துக்கு அனுமதி கிடைத்தது. 2014இல் ரோஷ் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. அகவுரையையும் மக்கள் உரிமை கொண்டாட முடியும் என்பதற்கு இப்போராட்டம் சான்று. அதோடு நின்றுவிட்டால் போதாது என்பதும் உண்மை. மருந்து மலிவாகக் கிடைக்கவேண்டும் என்று கேட்கிற நாம், நோய் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதை விட்டுவிட முடியாது. இரண்டு கோரிக்கைகளையும் வேறு வேறு இயக்கங்கள் வேறு வேறு மேடைகளில் பேசுவதே அகவுரை அடைந்த வெற்றிதான்.

வழக்கு முடிந்துவிடவில்லை. 2018இல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. இரண்டாண்டுக் காலம், நாளுக்கு ஒன்பது மணிநேரம் செல்பேசிக் கதிர்வீச்சுக்கு உட்பட்ட ஆண் எலிகளின் இதயத்தில் ஷ்வான் செல் கட்டிக்குத் தெளிவான சான்று, மூளைக் கிளையோமாவுக்கு ஓரளவு சான்று என்றது. ஒப்பீட்டுக்கு வைத்திருந்த ஆண் எலிகளில் இக்கட்டிகள் ஒன்றுகூட இல்லை. அதேவேளை கதிர்வீச்சு பட்ட ஆண் எலிகள்தான் ஒப்பீட்டு எலிகளைவிட அதிக நாள் வாழ்ந்தன. இந்த முடிவுகளை மனிதருக்குப் பொருத்தக்கூடாது என்றது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். கதிர்வீச்சின் அளவு மனிதர் அனுபவிப்பதைவிட அதிகம். இப்படிக் கொஞ்ச எலிகளில் 'தானாக' எத்தனை வரும் என்பதும் பழைய சண்டைதான்.

இப்படி ஓர் அறிக்கை அடுத்தமுறை வரும்போது, முடிவுரையைப் படித்துவிட்டு மகிழவோ கோபப்படவோ வேண்டாம். ஒப்பீட்டு எலிகளின் அட்டவணையைத் தேடிப் படியுங்கள். எந்த வகை எலி, யார் வளர்த்தது, எத்தனை நாள் வைத்திருந்தார்கள், செத்தவற்றில் எத்தனையை அறுத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். இவையெல்லாம் விஞ்ஞானிகள் மட்டும் கேட்கவேண்டிய கேள்விகள் அல்ல. ஒரு பாடவேறுபாட்டைத் தீர்க்கச் சுவடி தேடி அலைந்த மரபில் வந்தவர்களுக்கு இவை புதியவையும் அல்ல. 'தானாக' என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம், அந்தச் சொல்லை எழுதியவருக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.